பச்சைச் சோளமும் பால் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வேளாண் பக்கத்தில், "30 நாள் சோளப்பயிரை அறுத்துப் போட்டால் பால் கூடும்" என்று ஒரு வரி. எழுதியவரிடம் மாடு இருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தாலும் இதற்குள் போயிருக்கும்.

சோளத்தில் விஷம் மிகுந்திருக்கும் பருவமே அதுதான். இளம் பயிரிலுள்ள துரின் என்ற வேதிப்பொருள் மாட்டின் வயிற்றில் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு ஆகிறது. சித்திரை மழைக்கு விதைத்து வைகாசியில் வாடி நிற்கும் பயிர் இன்னும் மோசம். அதன்மேல் ஒரு மழை பெய்து கிளம்பும் துளிர், அறுத்த தாளில் வெடிக்கும் மறுதாம்பு, யூரியா தூக்கலாக விழுந்த காடு எல்லாம் அதே வகை. தின்ற கால் மணி நேரத்தில் மூச்சிரைக்கும், நுரை தள்ளும், கால் பின்னும். மருத்துவர் வந்து முறிமருந்தான சோடியம் தயோசல்பேட் ஏற்றுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மரவள்ளி இலையிலும் இதே விஷம்தான். ஆத்தூர்ப் பக்கம் ஆடு வளர்ப்பவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

பாதிப் பயிர் பூத்த பிறகே அறுக்க வேண்டும். பலமுறை அறுக்கும் தீவனச் சோள ரகமான கோ எஃப்எஸ் 29 என்றால் முதல் அறுப்பு 65ஆம் நாள், பிறகு 50 நாளுக்கு ஒன்று. வெயிலில் நன்றாகக் காய்ந்த தட்டில், அதாவது சோளத் தாளில், பயம் குறைவு. தாங்கள் அறியாததல்ல.

ஆனால் சோளம் என்றாலே மக்காச்சோளக் கதிரைப் படமாகப் போடும் பழக்கம் தங்களுக்கு இன்றா நேற்றா? மக்காச்சோளப் படைப்புழுவுக்குப் பக்கம் பக்கமாக இடம்; சோளத்தின் குருத்து ஈக்கு ஒரு வரி கிடையாது. பட்டம் தவறி விதைத்தால் முதல் மாதத்திலேயே நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். அதற்காகத்தான் இறவைப் பாசனத்தில் ஏக்கருக்கு 4 கிலோ விதையை 5 ஆக்கி, அடிபட்ட செடியைப் பிடுங்கிக் களைவது. 2023 சிறுதானிய ஆண்டில் சோள பிஸ்கெட் செய்முறைக்கு மட்டும் இடம் இருந்தது. சேலத்துக் காடுகளில் பலர் தட்டுக்காகவே சோளம் போடுகிறார்கள் என்பது பிஸ்கெட் தின்பவர்களுக்குத் தேவையில்லைதான்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். படம் வேண்டாம், மறுபடி மக்காச்சோளம் வந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம்