உறையில் ஒட்டிக்கொண்ட பெயர்

கொழிஞ்சாம்பாறை, கேரளா,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். எங்கள் வறண்ட மண்ணிலும் இந்த முறை மழை விடாமல் கொட்டுகிறது.

பொள்ளாச்சியில் உன் மகன் தொடங்கும் கடைக்கு எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். விலையை விடு. கொடுக்கும் தாள் எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று முதலில் யோசிக்கச் சொல்.

போன வாரம் ஒரு அம்மாளுக்கு இங்க்ஜெட்டில் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். பஸ் ஏறுவதற்குள் தூறல் பட்டு எழுத்தெல்லாம் ஊதா நீராக வழிந்துவிட்டது. தண்ணீரில் கரைகிற சாய மை அது. மட்டமான தாளில் அந்த மை நார் வழியே பரவவும் செய்யும். பொடி எழுத்தில் மலையாளச் சுழிகள் அடைத்துக்கொள்ளும், நம் 'ணை'யும் தப்பாது. 1977இல் கேனன் கம்பெனி ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் மை ஊசியில் தற்செயலாகப் பட, மை தெறித்ததாம். மையைச் சூடாக்கித் தெறிக்கவிடும் 'பபிள் ஜெட்' என்ற இங்க்ஜெட் வகைக்கு வித்து அதுதான்.

அந்த அம்மாளுக்குக் காசு வாங்காமல் லேசரில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். லேசரில் இருப்பது மையே அல்ல, பிளாஸ்டிக் கலந்த தூள். சூடான உருளை அதை உருக்கித் தாளில் அப்பிவிடும், மழைக்கு அசையாது. ஆனால் அதற்கும் ஒரு எமன் உண்டு. எங்கள் பத்திர நகலைப் பல வருடம் பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். பிரித்தபோது சரக்கென்று ஒரு சத்தம். தாத்தா பெயரில் பாதி, உறையின் உட்புறத்தில் இடவலம் மாறி ஒட்டியிருந்தது.

கடைகளில் பில் அடிக்கும் தாள் சுருள் இன்னும் மோசம். அதில் மை கிடையாது, தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுக்கிறது, அவ்வளவுதான். மிக்சி வாங்கிய பில்லை வீட்டில் அடுப்பங்கரை அலமாரியில் வைத்தார்கள். வாரண்டி கேட்கப் போனால் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாள்!

வாளையார்ப் பக்கம் எனக்குத் தெரிந்த லாரி புக்கிங் ஆபீசில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் இன்னும் கரகரக்கிறது. அதன் ஊசிகள் மை நாடாவைத் தாள்மேல் அடித்து அழுத்துவதால் கார்பன் பிரதிகளும் அதே அடியில் விழுந்துவிடும். தாளை அடிக்காத லேசருக்கு அது வராது.

மகனுக்குக் கறுப்பு லேசர் போதும். அதை மட்டும் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம் என்று சொல். சூடேறும்போது கரண்ட்டை அள்ளி இழுக்கும்; என் யுபிஎஸ் வீல் என்று கத்திவிட்டு அணைந்தே போனது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்