சொடுக்கு

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. மழைக்கு முன்பே ஓடு மாற்றிவிட்டாய் என்பதில் நிம்மதி. கிணற்றில் ஊற்று எப்படி?

எட்டு மாதமாகிறது, எனக்கு இன்னும் ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தை 2021இல் கெபெர்ஹா என்று மாற்றினார்கள். தமிழில் இப்படி எழுதுவதே பொய்தான். முதல் ஒலிக்கு நாக்கை அண்ணத்தில் ஒட்டி, பாட்டில் மூடி கழல்வது போல 'டொக்'கென்று சொடுக்க வேண்டும். நேற்றும் முயன்றேன். கேன்டீன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இங்கே பேசும் கோசா மொழியில் அடிப்படைச் சொடுக்கு மூன்று. மற்ற இரண்டும் உனக்கே வரும். இழவு வீட்டில் உச்சுக் கொட்டுகிறோமே, அது ஒன்று. வண்டிமாட்டை முடுக்க உங்கப்பா கன்னத்தோரம் நாக்கை இழுத்துச் சொடுக்குவாரே, அது இன்னொன்று. 'கோசா' என்ற பெயரே அந்த மாட்டுச் சத்தத்தில்தான் தொடங்குகிறது!

கோசா மக்கள் பாண்டு மொழிக் குடும்பம். ஜூலு, சுவாசி எல்லாம் பங்காளிகள். முன்னோர் வடக்கிலிருந்து மாடுகளோடு இறங்கி வந்தவர்கள். சொடுக்கு அவர்கள் கொண்டுவந்ததில்லை. இங்கே முன்பே இருந்த கோய், சான் மக்களுடையது. அந்த வீட்டுப் பெண்களைக் கட்டியதில் கொஞ்சம் வந்திருக்கும். இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். இங்கே மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. அந்தப் பெயரின் அசை வேறு சொல்லில் வந்தாலும் மாற்றித்தான் பேச வேண்டும். இதற்கு 'ஹ்லோனிபா' என்று பெயர். மாற்றிப் போட அந்நிய ஒலி கைகொடுத்தது, சொடுக்கு பரவியது என்பது மொழியியலாளர் சிலரின் கணிப்பு. எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. தன் வீட்டுக்காரர் பெயர் என்பதால் உங்க அப்பத்தா கடைசிவரை பழனியை 'முருகன் மலை' என்றே சொன்னது நினைவிருக்கிறதா?

நம்மைப் போலக் கூட்டம், அதாவது குலம், கேட்பதும் உண்டு. ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் இல்லை. மண்டேலாவை 'மடிபா' என்பதைச் செல்லப்பெயர் என்றே நினைத்திருந்தேன், அது கூட்டப்பெயராம். அவர் கோசா பேசும் தெம்பு மக்களில் பிறந்தவர்.

2011 கணக்கெடுப்பில் கோசாவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். நாட்டில் ஜூலுவுக்கு அடுத்த இடம். பெரும்பாலோர் இந்தக் கிழக்கு கேப் மாகாணத்தில். கேப் டவுனிலும் நிறையப் பேர். 1779 முதல் 1879 வரை வெள்ளையரோடு நடந்த ஒன்பது போர்களில் நிலம் கைவிட்டுப் போனது. அப்புறம் ஆண்கள் ஜோஹன்னஸ்பர்க் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். நிறவெறி அரசு டிரான்ஸ்கை, சிஸ்கை என்று இரண்டு 'நாடு'களைப் பிரித்து, இவர்களைச் சொந்த மண்ணிலேயே வெளிநாட்டுக்காரர்களாக்கியது. 1994இல்தான் அவை ஒழிந்தன. இன்றும் டிசம்பர் வந்தால் கேப் டவுனிலிருந்து கூரை மேல் மெத்தையும் மூட்டையும் கட்டிய வேன்கள் கிராமங்களுக்கு வரிசையாக வருகின்றன.

ஆனியில் வருகிறேன். அதற்குள் உங்கப்பாவிடம் அந்த மாட்டுச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து அனுப்பு. கேன்டீன் அம்மாவிடம் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
செல்வம்