அது போலி இல்லை, மகள்

அன்பு மகளுக்கு,

"உண்மையான இலத்திரனை நான் காணவே இல்லை அம்மா, அதுக்குப் பதிலா ஒரு போலியை வச்சு ஆட்டிக்கொண்டிருக்கிறன்" என்று, லேசர் பட்ட இலத்திரன் அணுவை விட்டு ஓடுவதைக் குளிர்ந்த அணுக்களை வைத்துப் பார்க்கும் உன் ஆய்வைப் பற்றி நீ போனில் சலித்துக்கொண்டாய். லைன் விட்டுவிட்டுப் போனதில் ஒழுங்காகப் பேச முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

போலி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடும் லேசர் பட்டால் இலத்திரன் அந்த ஒளியின் ஒரு அலைவு முடிவதற்குள்ளேயே அணுவை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகிறது, அந்த அலைவே சில பெம்டோசெக்கன்தான், அதாவது ஒரு செக்கனை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டுகளில் சில. அவ்வளவு வேகத்தைப் பிடிக்க அதிலும் ஆயிரம் மடங்கு சிறிய அட்டோசெக்கன் கணக்கிலான ஒளித்துடிப்பு வேண்டும். 2023 இல் அகொஸ்தினி, கிராவுஸ், லூலியே என்ற மூன்று பௌதிகவியலாளருக்கும் நோபல் கிடைத்தது அதற்காகத்தான். உன் ஆய்வுகூடத்தில் நீங்கள் வேறு வழியால் போகிறீர்கள். இலத்திரனின் இடத்தில் உறைகுளிரிலும் எத்தனையோ மடங்கு குளிர்ந்த ஸ்ட்ரோன்சியம் என்ற உலோகத்தின் அணுக்கள், கருவின் இடத்தில் அவற்றைப் பிடித்து வைக்கும், ஒளியால் ஆன பொறி. அந்த அணுக்களுக்கு மின்னேற்றம் இல்லை, மின்புலம் இலத்திரனைத் தள்ளுவது போலத் தள்ளாது, அதனால் பொறியையே ஆட்டுகிறீர்கள்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உயர்தர வகுப்பில் பரந்தன் - முல்லைத்தீவு பஸ்ஸை வைத்துச் சொன்னேன்: விசுவமடுவில் டிரைவர் சடாரென்று பிரேக் அடிக்க, நிற்கிற சனம் முழுக்க முன்னுக்குச் சாய்கிறது, யாரும் தள்ளவில்லை, ஆனாலும் பஸ்ஸுக்குள் நிற்பவருக்கு அது விசையேதான். பொறியோடு சேர்ந்து அசைந்தபடி கணக்குப் போட்டால், அணுக்கள் உணரும் விசை லேசரின் மின்புலம் இலத்திரனைத் தள்ளும் அதே வடிவில் சமன்பாட்டில் வந்து நிற்கிறது. பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி, "அப்ப இலத்திரன் மாதிரி அணுவும் தப்பி ஓடுமோ ரீச்சர்?" என்று கேட்டாள்! ஓடும். சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்து 2018 இல் வெளியிட்டார்களே. நேரம் இலட்சம் கோடி மடங்கு வரை நீள்கிறது, பெம்டோசெக்கனில் முடிவது மில்லிசெக்கன் கணக்கில் நடக்கிறது, ஒரு அலைவின் நடுவிலேயே எவ்வளவு அணு பொறியை விட்டுப் போனது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

பொறியின் வடிவம், கரு இலத்திரனை இழுக்கும் கூலோம் விதிப்படி இல்லை, உள்ளே இருப்பதும் ஒரு அணு இல்லை, ஒரு கூட்டம். சரி, அந்த வித்தியாசங்களை நீ மறைக்காமல் எழுது. ஆனால் பொறியின் ஆழத்தையும் வடிவத்தையும் உன்னால் விரும்பியபடி மாற்ற முடியும், ஐதரசனின் கருவை யாரால் மாற்ற முடியும்? இயற்கை தராத அணுவைக்கூட நீ செய்து பார்க்கலாம், அதைப் போய்ப் போலி என்கிறாயே.

பொறியை ஆட்டி எடுத்த படங்களில் ஒன்றிரண்டை வாட்ஸ்அப்பில் போடு, அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். அப்புறம், இரவில் ஆய்வுகூடத்திலேயே இருந்து சாப்பாட்டை விட்டுவிடாதே.

அம்மா
கிளிநொச்சி