சைக்கிளின் நடுமோட்டாரை வெல்டிங் பிடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வன்னியில் பலர் கொட்டிலில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். இப்போது அதே சைக்கிளுக்கு மின்மோட்டார் பூட்டக் கேட்டு வருகிறார்கள். பின்சில்லோடு சேர்ந்து வரும் மோட்டார் என்றால் வேலை லேசு. பெடல் அச்சில் பூட்டுகிற நடுமோட்டார் அப்படியல்ல. அது கிரவல் வீதியில் நாலு நாள் ஓடியதும் இளகி ஆடத் தொடங்கும். உடனே பல திருத்தகங்களில் கை போவது வெல்டிங் கம்பிக்குத்தான். தயவுசெய்து அதை நிறுத்துங்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம். ஏன் இளகுகிறது என்று விளங்கினால் வெல்டிங்குக்குத் தேவையே வராது.

மிதிக்கும்போது வலப்பக்கமாக நின்று பார்த்தால் பெரிய பல்லுச்சில்லு கடிகார முள் சுற்றுகிற திசையில் சுற்றும். அதைச் சுற்றுகிற மோட்டாரின் உடலோ அதே விசையோடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். மோட்டார், பெடல் அச்சுக்கு முன்னால் தாழத் தொங்குவதால், எதிர்த்திசை என்பது அதற்கு மேல்நோக்கித்தான். ஆகவே உதவி விசை வரும்போதெல்லாம் அது பிரேமின் கீழ்க்குழாயை நோக்கி எழும்பும். பள்ளத்தில் விழும்போது நாலு கிலோவுக்கு மேற்பட்ட தன் பாரத்தால் கீழே இறங்கும். மோட்டாரைப் பிரேமோடு இடப்பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும் நட்டை இந்த ஏற்ற இறக்கம்தான் இளக்குகிறது. போதாததற்கு, அந்த நட்டின் மரை வழக்கமான மரை. மோட்டார் எழும்புகிற திசை அந்த நட்டைக் கழற்றுகிற திசையாகவே அமைந்துவிடுகிறது.

விசையின் அளவையும் பாருங்கள். 80 நியூட்டன் மீற்றர் சுழற்று விசை தருகிற ஒரு மோட்டார், அச்சிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளிக் குழாயில் முட்டுமானால், முட்டுகிற இடத்தில் விழுவது ஏறத்தாழ 80 கிலோ. ஒன்றரைச் சீமெந்து மூட்டைக்கும் மேல். 750 வாற்று மோட்டார் என்றால் 120 கிலோ வரை போகும். எங்கள் வீதிகள் சமதரை. பற்றரியும் மோட்டாரும் சேர்த்துக் காசு கொட்டி 750 வாற்று வாங்குவதைவிட 36 வோல்ற், 250 வாற்று மோட்டாரே பழைய பிரேமுக்குப் போதும் என்பது என் எண்ணம். நெல்மூட்டை ஏற்றுகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இனிப் பூட்டுகிற முறை. இங்கே அதிகம் வருகிற, பஃபாங் என்ற நிறுவனத்தின் வகை மோட்டாரையே வைத்துச் சொல்கிறேன். பெடல் அச்சு ஓடுகிற குறுக்குக் குழாயை இங்கே அச்சுக்கூடு என்கிறேன். அதன் அகலம் 68 முதல் 73 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். வாங்க முன்னரே வேணியரால் அளந்து பாருங்கள். சிறுவர் சைக்கிள் சிலவற்றில் கிராங் ஒரே துண்டாக வளைந்து வரும். அவற்றின் அச்சுக்கூடு 51 மில்லிமீற்றர் விட்டமுள்ளது, மரையும் இராது. உள்ளே போடக் கடைச்சல் பட்டறையில் ஒரு புஷ் கடைந்தால் ஒழிய அதில் இந்த மோட்டார் நிற்காது.

அச்சுக்கூட்டின் இரு பக்கமும் திருகியிருக்கும் பழைய கப்பை, அதாவது பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணத்தை, கழற்றும்போது கவனம். வலப்பக்கக் கப்பின் மரை இடக்கை மரை. கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். மறுபக்கம் சுற்றி, வராததற்குச் சுத்தியலால் அடித்து அச்சுக்கூட்டைக் கெடுத்த பிரேம்கள் ஏராளம். பழைய றலியின் மரை மற்றச் சைக்கிள்களின் மரையோடு பொருந்தாது என்று சிலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. மோட்டார் அந்த மரையில் ஏறுவதே இல்லை. அதன் குழாய் அச்சுக்கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் நட்டால் இறுகுகிறது. ஆகவே மரையைவிட உள்விட்டம்தான் முக்கியம்.

பாரச் சைக்கிள்களில் பலரைத் திணறடிக்கிற இடமும் இதுதான். பிரேமின் குழாய்நுனிகள் அச்சுக்கூட்டின் உட்புறத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் துருத்திக்கொண்டிருக்கும். குழாய்களை ஒட்டிய பித்தளையும் துளிதுளியாக உறைந்திருக்கும். பழைய அச்சுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. மோட்டார்க் குழாயோ பாதியில் நின்றுவிடும். அடித்து ஏற்றாதீர்கள். குழாய் அலுமினியம், அது நசுங்கினால் உள்ளே ஓடும் அச்சு பிடிக்கும். அரைவட்ட அரத்தை எடுத்து, துருத்தலை மட்டும் அராவி, கையால் தள்ளும்போது போகும்வரை பாருங்கள். பிறகு துருவைத் துடைத்து, குழாயில் மெல்லியதாகக் கிறீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாரி கழிந்தபின் மோட்டாரும் பிரேமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்.

அச்சுக்கூட்டின் இடப்பக்க விளிம்பில் பெயின்ற் இருக்கக் கூடாது. முழுவதும் சுரண்டி, விளிம்பு சாய்ந்திருந்தால் தட்டை அரத்தால் நேராக்குங்கள். மோட்டாரோடு வருகிற பல்லுள்ள தகடு அங்கேதான் கடித்துப் பிடிக்க வேண்டும். பல் இருக்கும் பக்கம் பிரேமைப் பார்க்க வேண்டும்; வெளிப்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று திருப்பிப் போட்டதைப் பல சைக்கிள்களில் காணலாம். இந்தப் பல்லிலும் விளிம்பிலும் கிறீஸ் படவே கூடாது.

இறுக்குகிற ஒழுங்கும் உண்டு. தகட்டின் இரண்டு மரையாணிகளையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். மோட்டாரைக் கீழ்க்குழாயோடு சேர மேலே தூக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். அதன் பிறகே மரையாணிகளை. மாறிச் செய்தால் தகடு சாய்ந்து நிற்கும், நட்டு ஒரு பக்கத்தில் மட்டும் உட்காரும். தகட்டுக்கும் மோட்டாருக்கும் இடையில் வெளி தெரிந்தால் அதற்கு அளவான வாசர்களைப் போட்டு நிரப்புங்கள். வெளியை மரையாணியால் இழுத்து மூடப் பார்த்தால் தகடு வளையும்.

அந்த நட்டு 33 மில்லிமீற்றர் மரை. 30 முதல் 40 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். விசை காட்டும் சாவி எல்லாத் திருத்தகத்திலும் இல்லை. ஆனால் மீன் நிறுக்கிற தொங்கு தராசு எங்கும் உண்டு. நட்டின் நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளிச் சாவியின் பிடியில் தராசுக் கொளுக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 12 கிலோவுக்கும் 16 கிலோவுக்கும் இடையில் காட்டும்போது இறுக்கம் சரி. உளி வைத்துச் சுத்தியலால் தட்டினால் நட்டின் வெட்டுகள் சிதையும். அடுத்த முறை எந்தச் சாவியும் பிடிக்காது. அதற்கு மேலே வருகிற மெல்லிய வெளி வளையத்தை அலங்காரம் என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது உள் நட்டைப் பூட்டுகிற இரண்டாம் நட்டு. மரையாணிகளுக்கு நீல நிற மரைப்பசை ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், சூடாக்காமல் கழற்ற முடியாது.

இவ்வளவும் செய்தாலும் நட்டை மட்டும் நம்பக் கூடாது. மோட்டார் எழும்பவும் விடக் கூடாது, இறங்கவும் விடக் கூடாது. எழும்பாமல் இருக்க, மோட்டாருக்கும் கீழ்க்குழாய்க்கும் இடையில் ஒரு முட்டு வேண்டும். பழைய ரயரை மடித்து வைப்பது உதவாது, அமுங்கிவிடும். பாலை மரத்தில் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் குழாயின் வளைவுக்கும் மறுபக்கம் மோட்டாரின் வளைவுக்கும் செதுக்குங்கள். இடையில் ஒரே அடுக்கு ரியூப் றப்பர், அதுவும் சத்தத்துக்காக மட்டும். இறங்காமல் இருக்க, 20 மில்லிமீற்றர் அகலமான கறையில் உருக்குப் பட்டியை மோட்டாரின் அடியால் கொண்டுபோய்க் கீழ்க்குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே றப்பர் வைக்காவிட்டால் பட்டி குழாயை அறுக்கும். பிளாஸ்ரிக் கட்டுகள் எங்கள் வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது. பட்டியைக் கொழுவுவதற்காக மோட்டாரின் பல்லுப்பெட்டி மூடியின் ஆணிகளைக் கழற்றவும் வேண்டாம். தண்ணீர் புகும் வழி அதுதான்.

வெல்டிங்குக்கு வருகிறேன். மோட்டாரின் உடல் வார்ப்பு அலுமினியம். அதில் இரும்பு ஒட்டாது. ஆகவே மோட்டாரைப் பிடித்து வைக்கப் பிரேமில் ஒரு இரும்புக் காதை ஒட்டுகிறார்கள். பழைய பாரச் சைக்கிள்கள் பலவற்றில் குழாய்கள் மூட்டுக்குள் பித்தளையால் ஒட்டப்பட்டவை. மின்வில் (ஆர்க்) வெல்டிங்கின் சூட்டில் அந்தப் பித்தளை இளகி, புதிய ஒட்டுக்குள் கலக்கும். இரண்டு ஒட்டும் கெடும். வெடிப்பு அச்சுக்கூட்டின் ஓரத்தில் தொடங்கும், பெயின்றுக்குள் மறைந்திருக்கும். மோட்டாரைக் கழற்றாமல் ஒட்டினால் இன்னொரு நட்டமும் உண்டு: மோட்டாரை இயக்கும் மின்சுற்றான கட்டுப்படுத்தி இந்த வகையில் மோட்டாரின் உள்ளேயே இருக்கிறது, வெல்டிங் மின்னோட்டம் அதைக் கருக்கிவிடும். அச்சுக்கூட்டைத் துளைத்து மரையாணி இறக்குவதும் இதே கூத்துத்தான். ஆணி போய் முட்டுவது மோட்டாரின் மெல்லிய குழாயில்.

கேபிளுக்குப் பதிலாக விறைப்பான இரும்புக் கம்பியால் இயங்கும் கம்பிப் பிறேக் உள்ள சைக்கிளில் இன்னொரு சிக்கல். பின் பிறேக்கின் கம்பியும் நெம்பும் மோட்டார் வரவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் பின் பிறேக்கைக் கழற்றிவிட்டு முன் பிறேக்கோடு மட்டும் அனுப்புகிறார்கள். இது சரியல்ல. பதிலுக்குக் கேபிள் பிறேக்கை மட்டும் பூட்டவும் முடியாது: அந்த றிம்மின் பக்கங்கள் வளைந்தவை, கேபிள் பிறேக்கின் கட்டை அதில் பிடிக்காது. றிம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது பின்சில்லில் டிரம் பிறேக் வேண்டும். இந்தச் செலவையும் சொல்லித்தான் மோட்டாருக்கு விலை பேச வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சைக்கிள் திருத்துநர்களுக்கு ஒரு நாள் செயல்முறைப் பயிற்சி தர அவர்களால் முடியும். நட்டு இறுக்கத்தையும் வெல்டிங்கின் கேட்டையும் கண்ணால் காட்டினால் போதும். பிரதேச செயலகங்கள் இதை ஒழுங்குசெய்யலாம்.

பூட்டிய சைக்கிளை வைத்திருப்பவர்களுக்கு: நட்டிலிருந்து பிரேம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. முதல் 20 கிலோமீற்றரிலும், பிறகு 100 கிலோமீற்றரிலும், அதன்பின் மாதம் ஒருமுறையும் இறுக்கம் பார்க்க வேண்டும். மிதிக்கத் தொடங்கும் கணத்தில் காலடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தாலோ, கீழ்க்குழாயில் பெயின்ற் தேய்ந்து வெள்ளிபோல் மினுங்கினாலோ அன்றைக்கு மோட்டாரை நிறுத்தி, கால்பலத்தால் மட்டும் மிதித்துத் திருத்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர்,
பரந்தன்.