கீழ் வீட்டுத் தாத்தாவின் நோட்டு

அன்புள்ள கண்ணா,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பருப்புப்பொடி பார்சல் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வந்ததா இல்லையா என்று நீ சொல்லவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் உன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அக்காவும் சொன்னாள்.

கீழ் வீட்டுத் தாத்தாவின் வீட்டைக் காலி செய்கிறார்கள். அவர் மகள் மேலே வந்து, உன்னிடம் கொடுக்கச் சொல்லி ஒரு நோட்டைத் தந்துவிட்டுப் போனார். 1955-ல் புரூக்ளின் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸ் ஆடிய ஆட்டங்களை, பதினைந்து வயதுப் பையனாக ரேடியோவில் கேட்டுப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நீ வாசல் படியில் உட்கார்ந்து அவரிடம் கேட்ட கதைதான். எத்தனை நாள் பாதியில் உன்னை மேலே கூப்பிட்டுக் கணக்குப் போட உட்கார வைத்தேன்! உனக்கு எல்லாம் மனப்பாடம். நான் இப்போதுதான் படிக்கிறேன்.

முதல் பத்து ஆட்டமும் ஜெயம். முதல் 24-ல் 22 ஜெயம். செப்டம்பர் 8-ம் தேதியே லீக் பட்டம் கையில். 98 ஜெயித்து 55-தான் தோற்றிருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ் வரும்போது தாத்தாவின் எழுத்து சின்னதாகிவிடுகிறது. எதிரில் நியூயார்க் யாங்கீஸ் அணி அல்லவா? 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை புரூக்ளினை அழ வைத்தவர்கள். இந்த முறையும் முதல் இரண்டு ஆட்டம் போச்சு. ஏழு ஆட்ட சீரிஸில் அப்படித் தோற்றபின் அதுவரை எந்த அணியும் எழுந்ததில்லை. மூன்றாவது ஆட்டத்தில் பந்து எறியும் வேலையை ஜானி போட்ரஸ் கையில் கொடுத்தார்கள். அன்றுதான் அவருக்கு 23 வயது முடிகிறது. அந்த சீசனில் அவர் ஜெயித்தது 9, தோற்றது 10. அந்தப் பையன்தான் அன்றும் ஜெயித்தான், அக்டோபர் 4 செவ்வாய்க்கிழமை ஏழாவது ஆட்டத்தையும் 2-0 என்று முடித்தான்.

ஆறாவது இன்னிங்ஸ் பக்கத்தில் பென்சில் முனை உடைந்த பொட்டு இருக்கிறது. யாங்கீஸ் இரண்டு பேர் பேஸில், ஒருவரும் அவுட் இல்லை. யோகி பெர்ரா அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டு ஓரக்கோட்டுப் பக்கம் போகிறது. டாட்ஜர்ஸின் சாண்டி அமோரோஸ் அந்த இன்னிங்ஸில்தான் உள்ளே வந்தவர். இடது கையால் எறிபவர் என்பதால் கிளவுஸ் வலது கையில். ஓடிப்போய் அந்தக் கையை நீட்டினார், பந்து வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து பீ வீ ரீஸுக்கு, அவரிடமிருந்து, பேஸை விட்டு ஓடியவர் திரும்புவதற்குள், முதல் பேஸில் நின்ற கில் ஹாட்ஜஸுக்கு. இரண்டு பேர் அவுட். இதைப் படித்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதடா. நீ ஏன் அந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டாய் என்று இப்போது புரிகிறது.

அங்கே ஆபீசில் எல்லாம் சரியாக இருக்கிறதா? ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் போடுகிறான். உன் கம்பெனி பெயர் அதில் இல்லை. சரி, அதை விடு. நீ கெட்டிக்காரன். நம் வீட்டில் உன்னைப் போல் யாரும் படித்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்ல என்ன கஷ்டம்? தீபாவளிக்கும் நீ மட்டும்தான் பேசினாய். நேரத்துக்குத் தூங்கு, சாப்பிடு.

நோட்டின் உள் அட்டையில் ஹாட்ஜஸ் படம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழையது ஞாபகம் வந்தது. நீ முதல் வருஷம் காலேஜிலிருந்து திரும்பி வந்தாயே, அந்தத் தையும் மாசியும் நான் உன்னோடு பேசவில்லை. எதிரில் நீ உட்கார்ந்திருக்கும்போதே "அவனைச் சாப்பிடச் சொல்" என்று அம்மாவிடம் சொன்னேன். தாத்தாதான் சாயங்காலம் உன்னைக் கூட்டிப்போய்ப் பனியில் நின்று பந்து எறிந்துகொண்டிருப்பார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒருநாள் அவர் படியேறி வந்து, வாசலில் நின்றபடியே இந்த ஹாட்ஜஸைப் பற்றி என்னிடம் சொன்னார். 1952 சீரிஸில் 21 முறை பேட் பிடித்து ஒன்றும் அடிக்கவில்லையாம். அடுத்த வருஷமும் ஆரம்பத்தில் அப்படியேதான். புரூக்ளின் ஜனங்கள் ஒரு தடவை கூட அவரைக் கூச்சல் போட்டுத் திட்டவில்லை. கடிதம் போட்டார்கள், ஜெபமாலை அனுப்பினார்கள். ஒரு பாதிரியார், வெயில் அதிகம், இன்று பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய் ஹாட்ஜஸுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றாராம்.

இதை எனக்கு எதற்குச் சொல்கிறார் என்று நினைத்து, நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அவர் எதற்காக மூச்சிரைக்க அத்தனை படி ஏறி வந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 1955-ன் அந்தக் கடைசி ஆட்டத்தில் இரண்டு ரன்னும் ஹாட்ஜஸ் அடித்ததில் வந்தவை. அதையும் நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தப்பு என்னுடையது கண்ணா. நீ எதையும் என்னிடம் சொல்லாமல் இருக்கப் பழகியது அந்த இரண்டு மாதத்தில்தான்.

1957 சீசனோடு டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதைத் தாத்தா கடைசிவரை மன்னிக்கவில்லை. நீயும் அங்கேதான் போகிறாய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே. ஆனாலும் நோட்டு உனக்குத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். தபாலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாதம் 12-ம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு சோபா போதும். வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன். ஏர்போர்ட்டுக்கு வர முடியாவிட்டால் டாக்சியில் வந்துவிடுவேன்.

உன் பழைய கிளவுஸ் பரண் மேல் இருந்தது. தோல் காய்ந்துபோயிருக்கிறது. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா