கறிபாப் கடைக்காரியின் நன்றி மடல்

சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம்.

பசார் பக்கம் காலையில் கறிபாப் (மாவுக்குள் கறி வைத்து மடித்துப் பொரிக்கும் பலகாரம்) போடுகிறவள் எழுதுகிறேன். போன திங்கட்கிழமை என் மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டாள், சக்கர நாற்காலியில். மத்தியானம் வந்தவள், "அம்மா, டீச்சர் மறந்துபோய் என்னையும் வரிசையில நிக்கச் சொல்லிட்டாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே எழுத உட்கார்ந்தேன். ஏழு வருடக் கடனை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் மாவு பிசையப் போய்விட்டேன்.

முதல் நன்றி ஈப்போ பெரியாஸ்பத்திரி மிஸிக்கு, அதாவது நர்ஸம்மாவுக்கு. பிள்ளை பிறந்த மறுநாளே முதுகில் ஆப்பரேஷன். டாக்டர் சொன்னதில் 'ஸ்பைனா பிஃபிடா' என்ற பெயர் மட்டும்தான் என் மண்டையில் நின்றது. ராத்திரி டியூட்டியில் வந்த நீங்கள், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டீர்கள். "தட்டை மாவை மடிச்சு ஓரத்தை நெரிச்சுக்கிட்டே வருவீங்கல்ல? தண்டுவடமும் அப்படித்தான் உருவாகுது. கரு உண்டாகி 28 நாளுக்குள்ள ஓரம் மூடிக்கணும். உங்க பிள்ளைக்கு ஒரு இடத்துல மூடல." நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, கிளினிக்குக்குப் போவதற்குள் முடிந்துபோகிற காரியம் அது. நான் அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன்.

ஊர் அப்படி விடவில்லை. கிரகணத்தன்று வெளியே போனாளாம், அதனால்தானாம். அந்த வாயை எல்லாம் அடைத்தவர் என் மாமியார். "என் மவன் வயித்துல இருந்தப்ப கிரகணத்தன்னைக்கே நான் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனவடி. அவனுக்கு என்ன கொறச்சல்?" அத்தை, உங்களுக்கு எழுத்து படிக்க வராது, பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

இந்த ஒரே பெயருக்குள் வேறு வேறு கதைகள் இருக்கின்றன என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. மோட்டாரிலிருந்து விழுந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். காகிதத்தில் 'ஸ்பைனா பிஃபிடா ஒக்கல்ட்டா' என்று இருந்தது. வெளிறிப்போய் ஓடி வந்தான். "அக்கா, பாப்பாவுக்கு வந்ததுதானா எனக்கும்?" கிளினிக் டாக்டர் வரிசை நீண்டு கிடந்தும் அவனை உட்காரவைத்துப் பேசினார். அவனுக்கு எலும்பில்தான் சின்ன இடைவெளி. தண்டுவடம் அதன் இடத்திலேயே இருக்கிறது, மேலே தோலும் மூடியிருக்கிறது. இது இருப்பதே தெரியாமல் பலர் வாழ்ந்து முடித்துவிடுகிறார்களாம். ஆனால் இடுப்புக்குமேல் முடிக்கொத்தோ, ஆழமான குழியோ, கொழுப்புக்கட்டியோ இருந்து, கூடவே கால் பலவீனமோ சிறுநீர்த் தொல்லையோ வந்தால் காட்டச் சொன்னார். டாக்டர், அந்தக் கால்மணி நேரத்துக்கு நன்றி. தம்பி இப்போது பழையபடி வேகமாகத்தான் ஓட்டுகிறான், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

கிள்ளானில் இருக்கும் சித்தி மகளுக்கும் நன்றி. அவள் பையனும் முதுகில் கட்டியோடு பிறந்தவன். மெனிங்கோசீல் என்பார்கள். பைக்குள் சவ்வும் நீரும் மட்டும்தான் வந்திருந்தன. ஆப்பரேஷன் முடிந்து இப்போது பந்து விளையாடுகிறான். ஒரு கல்யாணத்தில், "அவன் ஓடுறானே, நீ சரியா வைத்தியம் பாக்கலியா?" என்று என்னைக் கேட்டவர்களிடம் அவள் எழுந்து நின்று சொன்னாள்: "என் பிள்ளைக்கு நரம்பு வெளிய வரல. அவ பிள்ளைக்குத் தண்டுவடமே நரம்போட வந்துருச்சு. ரெண்டும் ஒண்ணா?" எங்களுடையது மைலோமெனிங்கோசீல், இருப்பதிலேயே கடுமையானது. ஆப்பரேஷன் காயத்தை மூடும், கிருமி ஏறாமல் காக்கும். போன நரம்பைத் திருப்பித் தராது. அதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பழகியது அன்றைக்குத்தான்.

மகளுக்குத் தலையில் நீர் கோர்த்து, மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் ஓடுகிறது. மூன்று வயதில் அது அடைத்துக்கொண்டது. வாந்தி, தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம். நடுராத்திரி பள்ளி வேனை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்த அங்கிள், பெட்ரோல் காசு கொடுத்தபோது வைதீர்களே, அந்த வசவுக்கும் சேர்த்து நன்றி.

பட்டறை முதலாளி தவுக்கே பள்ளிக் கழிவறைக்குக் கைப்பிடி பற்றவைத்தார். கூலிக்குப் பதில் இருபது கறிபாப் கேட்டார், உறைப்பு தூக்கலாக. தலைமையாசிரியர் தாழ்ப்பாள் போட்ட ஒரு சின்ன அறையைக் கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கவேண்டும், ஓய்வு நேரத்தில் நான் போய் எடுக்கிறேன். முதல் நாள் வரவேற்புக்குக் கட்டிய பலூன்களை எல்லாம் வகுப்பாசிரியை அவிழ்த்துவிட்டுக் காகிதப்பூ ஒட்டினார். அடிக்கடி ஆப்பரேஷன், கையுறை என்று ரப்பர் பட்டுப்பட்டு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை எளிதில் வரும். "நம்ம வயித்த நெறச்ச பாலு இவளுக்கு ஆகாதாமே" என்று அத்தை இன்னும் அங்கலாய்க்கிறார்.

சின்னவனுக்குத் திட்டமிட்டபோது, கருத்தரிக்குமுன்பே தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்த கிளினிக் தாய்சேய் மிஸிக்கும் நன்றி. மற்றப் பெண்களுக்கு 0.4 மில்லிகிராம் போதும், எனக்கு முதல் பிள்ளை இப்படி என்பதால் கூடுதல். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றம் பல நாடுகளில் நடத்திய ஆய்வில் 100க்கு 72 பங்கு தடுத்ததாம், 1991ல் வெளியானது. முழுக்கத் தடுக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். நம் வீட்டு மார்மைட் (ஈஸ்ட் சாறு) போத்தல் கதையும் நீங்கள் சொன்னதுதான்: 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகைக்கு அதைக் கொடுத்துக் குணம் கண்டார், அதிலிருந்த சத்து ஃபோலேட் என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதே என்று அதட்டவும் செய்தீர்கள். சின்னவன் நல்லபடியாகப் பிறந்து, இப்போது அக்காவின் நாற்காலியை இடித்துக்கொண்டு திரிகிறான்.

இன்னும் ஒருவர் பாக்கி. பிரசவ வார்டில் மூன்றாம் நாள், ரசமும் சோறும் வைத்த ஓர் அடுக்குச்சட்டியை யாரோ என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். மூடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. கழுவிக் கடையில் வைத்திருக்கிறேன். அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.