பதினோராவது ஆள்

எட்மன்டன், கனடா,
மார்கழி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உள்ளே விபூதிப் பொட்டலம் பிரிந்துபோய் உன் எழுத்தெல்லாம் பட்டை போட்டுக்கொண்டிருந்தது. தட்டிவிட்டு வாசித்தேன். "இருக்கியா செத்தியான்னு ஒரு வரி எழுதுல" என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறேன். நாலு மாதமாக எழுதாதது தப்புதான். போனை எடுக்காததற்கு நேரக் கணக்குதான் காரணம். உனக்குக் காலை பத்தரை என்றால் எனக்கு முந்தின நாள் ராத்திரி பத்து. நீ அடுப்படியை ஒதுக்கிவிட்டு உட்காரும்போது நான் தூங்கியிருப்பேன். தூங்காத ராத்திரியும் உண்டு, அதை விடு.

அண்ணன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

வீடு சௌகரியமாகத்தான் இருக்கிறது. பாதி தரைக்குக் கீழே என்பதால் கதகதப்பு. ஜன்னல் என் தலைக்கு மேலே இருக்கும், வெளியே பனி குவிந்தால் மூடிக்கொள்ளும். அதில் பெரிய நஷ்டமில்லை. இந்த மாதம் இங்கே விடியவே எட்டே முக்கால் ஆகிறது, நாலரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிடங்கில் வேலை லேசாகிவிட்டது, வாரத்துக்கு மூன்று நாள் போனால் போதும். நல்ல ஓய்வு. போகவர நடந்தே போகிறேன், உடம்புக்கும் நல்லது.

மேல்வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேனா? 71 வயது. இவர் முன்னோர்கள் உக்ரைனிலிருந்து நிலம் திருத்த வந்தவர்களாம். 1890-களிலேயே அப்படி நிறைய பேர் இந்தப் பக்கம் வந்து குடியேறியிருக்கிறார்கள். தினமும் காலையில் எழுந்ததும் வெளியே எவ்வளவு குளிர் என்று பார்த்து, காலண்டர் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைப்பார். எதற்கு என்று கேட்டேன். "அவள்தான் எழுதுவாள்" என்றார். பாட்டி போய் ஐந்து வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரோகி கொண்டுவந்து தருவார். நம் சோமாசி மாதிரி மடித்து, உள்ளே இனிப்புக்குப் பதில் உருளைக்கிழங்கு. வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி, மேலே புளித்த பாலேடு. உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. நான் உன் இட்லிப்பொடியைத் தூவிக்கொண்டேன். அவரும் கேட்டு வாங்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, மறுவாரம் பொடி எங்கே என்று கேட்டார்.

இவர்தான் என்னை ஓட வைத்தவர். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் நான் ஓட்டப் பந்தயத்தில் எத்தனையாவது வந்தேன் என்று உனக்குத் தெரியும். இங்கே சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம் ஓடுகிறது. காசு கிடையாது, பேர் எழுத வேண்டியதில்லை, வந்தால் போதும். ஏழு மணிக்குத் தாத்தா தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவார். எனக்கு அது கூரையில் இடிக்கும். பதிலுக்கு நான் துடைப்பக் கட்டையால் மேலே தட்டாவிட்டால் இறங்கி வந்துவிடுவார்.

நேற்று மைனஸ் 27. காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 35 போல உறைக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் உறைந்துவிடும் என்கிறார்கள். பயப்படாதே, அம்மாவிடம் இந்த வரியை வாசிக்காதே. வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்கு முடி விறைத்துக் குத்தும். தெருவில் நிற்கிற ஒவ்வொரு காருக்கும் முன்னாலிருந்து ஒரு வயர் தொங்கும், மூக்கணாங்கயிறு மாதிரி. ராத்திரி அதைக் கரண்டில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும்.

இதற்கென்று சாஸ்திரமே இருக்கிறது. பருத்தி ஆகாது. முதல் வாரம் அப்பாவின் பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் முதுகில் தகரத்தைக் கட்டினது போல ஆகிவிட்டது. உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே ஒன்று, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். கையுறை விரல் விரலாக இருக்கக் கூடாது, பை மாதிரி இருந்தால்தான் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். கிளம்பும்போது குளிர வேண்டும், குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் மாட்டுவாய். தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாகத்தான் செருகுவார்கள். நீர் மேலேதான் முதலில் உறையும், வாய் கீழே இருந்தால் அடைக்காது. என் ஷூ தாத்தாவின் மகன் போட்டுக் கழித்தது, அளவு ஒன்று கூடுதல், இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும். அடியில் ரப்பரில் கோத்த ஆணிகள், மாட்டுக்கு லாடம் அடித்த மாதிரி.

ஓடுகிற பாதை ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஆற்றுக்கு இறங்குகிறது. மில் கிரீக் என்று பேர். ஒரு காலத்தில் ரயில் போன வழி. எட்மன்டனுக்கு முதல் ரயில் 1902-ல் இதன் வழியாகத்தான் போயிருக்கிறது. தண்டவாளம் போய்விட்டது, மரக்கால் நட்ட பாலங்கள் மட்டும் மிச்சம். இருட்டில் நெற்றி விளக்கு போட்டுக்கொண்டு பதினொரு பேர் வரிசையாக இறங்கினோம். யாரும் பேசவில்லை. முகத்துணிக்குள் விட்ட மூச்சு அப்படியே உறைந்து, துணி அட்டை மாதிரி ஆகியிருந்தது.

இவ்வளவு குளிரில் பனி வழுக்காது அக்கா, நொறுங்கும். ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் உடைகிற சத்தம். வடக்குத் தெரு அத்தை வீட்டில் காயப்போட்ட அப்பளப் பாயில் நான் கால் வைத்துவிட்டு, உன் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேனே, அதே சத்தம். பதினொரு பேரும் சேர்ந்து அத்தையின் அப்பளத்தை மிதித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் சொல்ல?

மரப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கிருந்தோ விறகுப் புகை வந்தது. மேட்டில் இருக்கிற வீடுகளில் யாரோ கணப்பு மூட்டியிருப்பார்கள். நம் கொல்லையில் அம்மா தென்னமட்டையைச் செருகி வெந்நீர் அடுப்பு ஊதுவாளே, அந்த வாசனைதான். அண்டாவின் கரி, ஈர மட்டையின் சீறல், "ஏல, எந்திரி, தண்ணி கொதிச்சிட்டு" என்கிற குரல், எல்லாம் சேர்ந்து வந்தது. நான் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விளக்குகள் ஒவ்வொன்றாக வளைவில் மறைந்தன.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்குப் போனதும் வால்டர்டேல் பாலத்தடியில் எல்லாரும் நின்று தலை எண்ணுவார்கள். நேற்றுப் பத்துதான் இருந்திருக்கிறது. தாத்தா திரும்பி ஓடி வந்தார். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து வந்தவர், நிற்பதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இடது கண் திறக்கவில்லை. குளிருக்கு எல்லாருக்கும் கண்ணில் நீர் வரும், இமைமயிரில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், வேறொன்றும் இல்லை. அவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை என் கண்மேல் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றார். பனி உருகிக் கன்னத்தில் இறங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை. அதற்குள் அவர் விரல்கள் வெள்ளையாகிவிட்டன. பிறகு இரண்டு பேரும் பாலத்துக்கு ஓடினோம். தூரத்திலேயே யாரோ "பதினொன்று!" என்று கத்தினார்கள்.

படித்துறையில் அம்மா எண்ணுவாளே. நீ, அண்ணன், நான், அத்தை மக்கள் இரண்டு பேர். தலை துவட்டும் முன் எண்ணிக்கை முடிய வேண்டும். ஒன்று குறைந்தால் துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவாள். நானாகத்தான் இருக்கும்.

ஆறு பெரிய ஆறு. வடக்கு சஸ்காட்செவன். ராக்கி மலைப் பனியாற்றிலிருந்து வருகிறது, நம்முடையது பொதிகையிலிருந்து வருகிற மாதிரி. இரண்டு பக்கமும் உறைந்து, நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி எழும்பியது. திரும்பும்போது விடிந்துவிட்டது, சூரியனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சூரியன். காற்றில் மிதக்கிற பனித்துகளில் வெளிச்சம் மடங்குவதால் அப்படித் தெரியுமாம். நம் ஊரில் நிலா கோட்டை கட்டினால் மழை என்போம். தாத்தாவிடம் இது எதற்கு அறிகுறி என்று கேட்டேன். "இன்னும் குளிரும்" என்றார்.

ஓடி முடித்ததும் எல்லாரும் காப்பி குடிக்கப் போவார்கள். நான் போவதில்லை. காப்பியை விட்டுவிட்டேன், வயிற்றுக்குச் சேரவில்லை.

சரி, அண்ணன் விஷயம். பின்பக்கத்துப் பன்னிரண்டு சென்டைக் கிணற்றோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்கிறானாம். "தம்பிக்குக் கஷ்டம், என்னிடம் பணம் கேட்டான்" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். நான் கேட்டது ஒரு சிநேகிதனுக்காக. அது தீர்ந்துவிட்டது. என்னைச் சாக்காக வைத்து யாரும் எதையும் விற்க வேண்டாம்.

அப்பா உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கின இடம், அதனால் அம்மா, நீ, அண்ணன், நான் என்று நாலு சமபங்கு. அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு இடத்தையும் விற்க முடியாது. நான் வராமல் முடிக்க வேண்டுமென்றால் பவர் எழுதித் தர வேண்டும். அதற்கு வழக்கமாக வான்கூவரில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்குவார்கள், இங்கிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இப்போதைக்கு எனக்கு லீவு கிடைக்காது என்று அண்ணனிடம் சொல். கோபப்படுவான், படட்டும்.

"எனக்குப் பங்கு வேண்டாம், தம்பிமார் எடுத்துக்கிடட்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் உடனே பேனாவை எடுத்தேன். விடுதலைப் பத்திரம் என்று எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. அத்தான் சொன்னாலும் போடாதே. படித்துறையில் அம்மா உன்னிலிருந்துதான் எண்ண ஆரம்பிப்பாள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள், புரை முற்றவிட வேண்டாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும், பேங்கில் ஏதோ சிக்கல். அதுவரை நீ உன் வளையலில் கை வைக்காதே. வெந்நீர் அடுப்பை இடித்துவிட்டு கேஸ் கீசர் வைக்கப் போவதாக மதினி சொன்னாளாமே. நான் வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்.

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடு. எனக்குக் காலை பத்து, ஓடிவிட்டு வந்திருப்பேன். எடுக்கிறேன்.

உன் தம்பி.

பின்குறிப்பு: இட்லிப்பொடி அனுப்பினால், மிளகாயைக் குறைத்துத் தனியாக ஒரு பொட்டலம் போடு. தாத்தாவுக்கு.